பெயாரிங் சில்லு வாங்குமுன்: 45 மில்லிமீற்றர் ரயில் பெட்டிகளின் கோளாறும் திருத்தமும்

வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ ஊருக்கு வரும்போது கொண்டுவந்து கொடுத்த பெட்டிகள்தான் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்து வளவுகளில் ஓடும் சின்ன மாதிரி ரயில்களில், அதாவது தோட்ட ரயில்களில், பெரும்பாலானவை. தண்டவாள அகலம் 45 மில்லிமீற்றர். 1968 இல் ஜேர்மனியின் நூரன்பேர்க்கில் இருந்து எல்ஜிபி என்ற பெயரில் இந்த வகையை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதே, வீட்டுக்கு வெளியே ஓடக்கூடியதாகத்தான் செய்தார்கள். ஆனால் அவர்கள் கண்டது புல்தரைத் தோட்டம். எங்களுக்குச் சோளகம் தொடங்கிவிட்டால் கிரவல் வீதிப் புழுதி முழுவதும் தண்டவாளத்தின் மேல்தான். மாரி வந்தால் சேறு. இரண்டுக்கும் நடுவில் நிழல் தரும் மாமரம் பூத்துப் பிசுபிசுப்பைக் கொட்டும்.

ஆகவே "பெட்டி பாரமாக ஓடுது, பெயாரிங் சில்லு போட்டால் சரிவருமா?" என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. (பெயாரிங் என்றால் இலேசாகச் சுழல உள்ளே சின்ன உருக்குக் குண்டுகள் வைத்த வளையம்.) பல நேரங்களில் சரிவரும். சில நேரங்களில் காசு வீண். கோளாறு வேறிடத்தில் இருக்கும். போகி, அதாவது பெட்டியின் அடியில் இரண்டு அச்சுகளைத் தாங்கித் திரும்பும் சட்டம், வைத்த ஒரு பெட்டிக்கு நான்கு அச்சு, எட்டுச் சில்லு. அதுவும் இங்கே கடையில் இல்லாத சாமான், வெளியில் இருந்து எடுப்பிக்க வேண்டும். அதனால் எந்தக் குறிக்கு எந்தத் திருத்தம் என்று பார்த்துவிட்டு வாங்குவதுதான் நல்லது.

முதலில் பலகைச் சோதனை

எந்தக் கோளாறாக இருந்தாலும் இங்கிருந்து தொடங்குங்கள். சரியாக 1000 மில்லிமீற்றர் நீளமுள்ள வளையாத பலகை ஒன்று. அதன் மேல் நேரான தண்டவாளத் துண்டு. பெட்டியை ஒரு முனையில் வைத்து, அந்த முனையை மெதுவாக உயர்த்துங்கள். பெட்டி தானாக நகரத் தொடங்கி நிற்காமல் மறுமுனைவரை போகும் உயரத்தை அடிமட்டத்தால் அளந்து எழுதிவையுங்கள். 25 மில்லிமீற்றர் என்றால், பெட்டியின் எடையில் ஆயிரத்தில் 25 பங்கு இழுவை தேவை. ஒரு கிலோ பெட்டிக்கு 25 கிராம்.

பிளாஸ்ரிக் போகிக்குள் அச்சு நேரடியாகச் சுழலும் சாதாரணப் பெட்டிகள் 20 முதல் 30 வரை காட்டும். நல்ல குண்டு பெயாரிங் போட்ட பெட்டி 10 இற்குக் கீழே இறங்கிவிடும். உங்கள் பெட்டி 15 காட்டுகிறது, ஆனாலும் ரயில் இழுக்கவில்லை என்றால் சில்லில் குறை தேடாதீர்கள். எஞ்சினின் எடை, தண்டவாளத்தின் அழுக்கு, ஏற்றத்தின் சாய்வு ஆகியவற்றைப் பாருங்கள்.

ஏற்றத்தைப் பற்றி ஒரு கணக்கு சொல்லவேண்டும், இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஒரு கிலோ எடையுள்ள 10 பெட்டிகள், 3 கிலோ எஞ்சின், நூற்றுக்கு 3 ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றத்துக்காக மட்டும் பெட்டிகளுக்கு 300 கிராம், எஞ்சினுக்கு 90 கிராம் இழுவை போகும். இதை எந்தப் பெயாரிங்கும் குறைக்காது. சாதாரண அச்சின் உராய்வு பெட்டிக்கு 25 கிராம் வீதம் 250. மொத்தம் 640. பெயாரிங் போட்டு உராய்வைப் பெட்டிக்கு 6 கிராமாக்கினால் மொத்தம் 450. நல்ல குறைவுதான். ஆனால் சமதரையில் அதே மாற்றம் 250 ஐ 60 ஆக்கும். ஆக, வளவு சமமாக இருப்பவருக்குப் பெயாரிங் பெரும் பலன். மேடு ஏறுபவருக்கு ஏற்றத்தை நூற்றுக்கு 2 ஆகக் குறைத்தாலே 130 கிராம் செலவில்லாமல் மிஞ்சும். மண்வெட்டியால் முடிகிற வேலையை மண்வெட்டியாலேயே முடியுங்கள்.

தள்ளிவிட்டால் உடனே நின்றுவிடுகிறது

சமதரையில் கையால் தள்ளினால் இரண்டு அடி போகுமுன் நிற்கிறது, பலகையில் 30 இற்கு மேல் காட்டுகிறது. பெட்டியைக் கவிழ்த்துப் போகியைக் கழற்றுங்கள். பக்கச் சட்டத்தை விரலால் சற்று விரித்தால் அச்சு வெளியே வந்துவிடும். அச்சின் நுனியைப் பாருங்கள். வன்னியில் ஒரு கோடை ஓடிய பெட்டி என்றால் அங்கே கறுப்பும் சிவப்பும் கலந்த பசை ஒரு வளையமாக ஒட்டியிருக்கும். கறுப்பு, தேய்ந்த உலோகத் தூள். சிவப்பு எங்கள் வீதிப் புழுதி. விரல்களுக்கு இடையில் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். அதுதான் அச்சையும் துளையையும் அரைத்துக்கொண்டிருக்கிறது.

நுனியைத் துணியால் துடைத்து, பக்கச் சட்டத் துளையைப் பஞ்சு சுற்றிய குச்சியால் சுத்தம் செய்யுங்கள். பிறகு துளையின் வடிவத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வட்டமாகவே இருந்தால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, அல்லது பென்சில் கரித்தூள் கொஞ்சம் போட்டு மீண்டும் பலகையில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள் போகப் பிசின் மாதிரி இறுகும். துருப்பிடித்த ஆணி கழற்றத் தெளிக்கும் எண்ணெயும் இதற்கு ஆகாது. அது ஆவியாகிவிட மிஞ்சுவது மிகக் கொஞ்சம். சுத்தம் செய்த பிறகு 20 இற்குக் கீழே வந்துவிட்டால் அந்தப் பெட்டிக்குப் புதுச் சில்லு இப்போது தேவையில்லை.

துளை முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் கதை வேறு. அச்சு சாய்ந்துதான் ஓடும், எண்ணெய் அதைத் திருத்தாது. இங்கேதான் பெயாரிங் போடவேண்டும். இரண்டு வழி உண்டு.

ஒன்று, பக்கச் சட்டத் துளையைப் பெருப்பித்து அதற்குள் பெயாரிங்கைப் புதைப்பது. அச்சும் சில்லும் ஒன்றாகச் சுழலும். தேய்ந்த துளையை இது அப்படியே நீக்கிவிடும். மற்றது, சில்லுக்குள்ளேயே பெயாரிங் வைத்த தொகுதியாக வாங்குவது. அச்சு அசையாது நிற்கும், ஒவ்வொரு சில்லும் தன்பாட்டில் சுழலும். கழற்றி மாட்டினால் போதும் என்பதால் இது இலகு. ஆனால் தேய்ந்த துளையில் அச்சு தளர்ந்து கிடந்தால் ஆட்டம் தொடரும். அப்போது துளைக்குள் பித்தளைக் குழாய்த் துண்டொன்று இறுக்கி அச்சை நிமிர்த்தவேண்டும்.

பெயாரிங் இலக்கத்தை எப்படித் தெரிவது

அச்சின் நுனியை வேர்ணியரால் அளந்துவிட்டுத்தான் இலக்கம் தேடவேண்டும். பெட்டி செய்த நிறுவனத்தின் பெயரை வைத்து ஊகிக்காதீர்கள்; ஒரே நிறுவனத்தின் பழைய பெட்டிக்கும் புதிய பெட்டிக்கும் அச்சு வேறுபடலாம்.

நுனி 3 மில்லிமீற்றர் என்றால் இந்த இலக்கங்கள் பொருந்தும். வெளிவிட்டம் 6 உள்ளது எம்ஆர்63, 7 உள்ளது 683, 8 உள்ளது 693, 10 உள்ளது 623. நுனி 4 மில்லிமீற்றர் என்றால் எம்ஆர்84 இன் வெளிவிட்டம் 8, 684 இனது 9, 624 இனது 13. பக்கச் சட்டத்தில் புதைப்பதானால் பெயாரிங்கைச் சுற்றி ஒரு மில்லிமீற்றருக்குக் குறையாத பிளாஸ்ரிக் சுவர் மிஞ்சவேண்டும். அதனால் பெரும்பாலும் சின்ன வெளிவிட்டம்தான் அங்கே ஆகும். சில்லுக்குள் புதைப்பதானால் இடம் தாராளம், 623 கூடப் போகும். குண்டு பெரிதாக இருந்தால் புழுதியையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். 623 உம் 624 உம் முப்பரிமாண அச்சு இயந்திரங்களுக்கான உதிரிப்பாகமாக விற்கப்படுவதால் இணையத்தில் இலகுவாகக் கிடைக்கும். பழைய கணினி விசிறிகள் சிலவற்றுக்குள் 693 இருக்கும். கழற்றினால் இரண்டு கிடைக்கும், ஆனால் தேய்ந்ததாக இருக்கலாம்; சுழற்றிப் பார்த்து எடுங்கள்.

மோட்டார் சைக்கிள் கடைப் பெயாரிங்குகள் இந்தப் பெட்டிக்கு ஆகாது. 6201 இன் உள்விட்டம் 12, வெளிவிட்டம் 32 மில்லிமீற்றர். பெட்டியின் சில்லே 30 தான் இருக்கும். பிள்ளைகள் ஏறி உட்காரும் 127 அல்லது 184 மில்லிமீற்றர் அகல ரயில் செய்பவர்களுக்கு 6201, 6202 அருமையான தெரிவு. ஊரில் எந்த உதிரிப்பாகக் கடையிலும் கிடைக்கும்.

துளை பெருப்பிக்கும் வேலையைக் கைத்துளைக் கருவியால் செய்யாதீர்கள். நான் இதைக் கொண்டுபோகும் கடைச்சல் பட்டறையில் அண்ணை முதல் நாளே சொன்னது: "தம்பி, நேராய் ஆறு மில்லிமீற்றரில துளைச்சால் பிளாஸ்ரிக் பிடிச்சு இழுத்து நடுவிலகிப் போகும். ஐஞ்சே முக்காலில துளைச்சிட்டு றீமர் விடுவம்." றீமர் என்பது துளையைச் சரியான அளவுக்கு வழித்தெடுக்கும் கருவி. இரண்டு பக்கச் சட்டங்களையும் ஒன்றன்மேல் ஒன்று சேர்த்துப் பிடித்து ஒரே தடவையில் துளைத்தார். அப்படிச் செய்தால்தான் இரண்டு அச்சுகளும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நிற்கும். அரை மில்லிமீற்றர் விலகினாலும் போகி எந்நேரமும் ஒரு பக்கத் தண்டவாளத்தை உரசிக்கொண்டு போகும், பெயாரிங் போட்ட பலன் அங்கேயே போய்விடும்.

நேரில் நன்றாக ஓடுகிறது, வளைவில் மட்டும் இழுக்கிறது

இது பெரும்பாலும் பெயாரிங் தேய்வு அல்ல. வளைவில் வெளித் தண்டவாளம் உள்தண்டவாளத்தைவிட நீளம். முழு வட்டம் ஒன்றுக்கு எவ்வளவு என்று பாருங்கள்: 2 × 3.14 × 45 = 283 மில்லிமீற்றர். வட்டம் சின்னதோ பெரிதோ, வேறுபாடு இதே 283 தான். ஆனால் 600 மில்லிமீற்றர் அரைவிட்ட வளைவில் அது 3.8 மீற்றர் ஓட்டத்துக்குள் வந்துவிடும். 2 மீற்றர் அரைவிட்டத்தில் 12.6 மீற்றரில் பரந்து வரும். இரண்டு சில்லும் அச்சோடு இறுகியிருந்தால் அந்த 283 ஐ ஏதாவது ஒரு சில்லு வழுக்கித்தான் தீர்க்கவேண்டும். கீச்சென்ற சத்தம் அதுதான். பெரிய ரயிலில் சில்லின் ஓடுதளம் சற்றுக் கூம்பாக இருப்பதால் வளைவில் தானே சமன்செய்துகொள்ளும். எங்கள் 600 மில்லிமீற்றர் வளைவு அந்தக் கூம்பால் சமாளிக்க முடியாத அளவு இறுக்கம்.

இங்கே சில்லுக்குள் பெயாரிங் உள்ள வகைதான் திருத்தம், பக்கச் சட்டத்தில் புதைத்த வகை அல்ல. இரண்டும் பெயாரிங்தானே என்று மாறி வாங்கினால் பலகைச் சோதனையில் அழகான எண் வரும், வளைவில் அதே கீச்சு தொடரும். காசு மட்டுமட்டு என்றால் ஒவ்வொரு அச்சிலும் ஒரு சில்லை மட்டும் பெயாரிங்கில் விட்டு மற்றதை அச்சோடு இறுக்கலாம். வளைவுக்கு அது போதும். எல்லாச் சில்லும் தனித்தனியாகச் சுழலும்போது அச்சு தன்னை நடுப்படுத்தும் பழக்கத்தை இழக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். போகி சரியான சதுரமாக இல்லாவிட்டால் நேர்ப்பாதையிலேயே ஒரு பக்கம் ஒட்டி ஓடும்.

சத்தத்தைக் குறைக்கத் தண்டவாளத்துக்கு எண்ணெய் பூசவேண்டாம். எஞ்சின் வழுக்கும், எண்ணெயில் புழுதி ஒட்டும்.

வளைவில் பெட்டி உள்பக்கமாகச் சரிந்து விழுந்தால், காரணம் அதன் பின்னால் வரும் பெட்டிகளின் இழுவை. எஞ்சின் முன்னே இழுக்க, பின்பெட்டிகள் பின்னே இழுக்க, நடுவில் உள்ள எடைகுறைந்த பெட்டி குறுக்கு வழி தேடுகிறது. பாரமான பெட்டிகளை எஞ்சினுக்கு அடுத்தும் இலகுவானவற்றைக் கடைசியிலும் கொளுவுங்கள். பிறகும் விழுந்தால் பின்பெட்டிகளுக்குத்தான் பெயாரிங் போடவேண்டும், விழுகிற பெட்டிக்கு அல்ல.

புதுப் பெயாரிங் போட்டும் பாரமாகவே ஓடுகிறது

இந்தக் குறியில் மனம் உடைந்து பழைய சில்லையே திரும்பப் போட்டவர்கள் உண்டு. அவசரப்படவேண்டாம், காரணம் தேடினால் கிடைக்கும்.

பெரும்பாலும் கிறீஸ். புதுப் பெயாரிங்குக்குள் நிரம்பியிருக்கும் கிறீஸ், நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றுச் சுழலும் மோட்டாருக்கானது. எங்கள் சில்லு சில நூறு சுற்றுத்தான் சுழலும், பெட்டியோ ஒரு கிலோ. அந்த இலேசான எடையால் தடித்த கிறீஸை உழுதுகொண்டு போக முடியாது. மூடியில் விரல் படாமல் பெயாரிங்கைச் சின்னப் போத்தலில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்குங்கள். எண்ணெயை மாற்றி மீண்டும் குலுக்கி, வெளியே எடுத்துக் காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விடுங்கள். பெற்றோலும் வேலை செய்யும். வீட்டுக்கு வெளியே, நெருப்பில்லாத இடத்தில் மட்டும்.

அடுத்தது மூடியின் வகை. இலக்கத்தின் பின்னால் இசட்இசட் என்றிருந்தால் இருபக்கமும் தகட்டு மூடி, அது உள்வளையத்தைத் தொடாது. 2ஆர்எஸ் என்றிருந்தால் றப்பர் மூடி, உள்வளையத்தில் உரசிக்கொண்டே இருக்கும். 6 மில்லிமீற்றர் பெயாரிங்கில் அந்த உரசலே குண்டுகளின் உராய்வைவிடப் பல மடங்கு.

கிறீஸும் மூடியும் சரி, அப்புறமும் பாரம் என்றால் பொருத்தியதில் பாருங்கள். பெயாரிங்கை எந்த வளையத்தில் அழுத்தி ஏற்றினீர்கள் என்பது முக்கியம். துளைக்குள் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்தவேண்டும். அச்சில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும். மாறி அழுத்தினால் விசை முழுவதும் குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் சின்னச் சின்னப் பள்ளங்களைப் பதித்துவிடும். அந்தப் பெயாரிங்கை விரல்களால் பிடித்து மெதுவாகச் சுழற்றினால் கடகடவென்று படிப்படியாகத் தடுக்கும். அதைக் கழுவித் திருத்த முடியாது, மாற்றவேண்டியதுதான். துளை மிக இறுக்கமாக இருந்தால் வெளிவளையம் நெரிந்து அதே மாதிரி இறுகும், ஆனால் வெளியே எடுத்தவுடன் சுகமாகச் சுழலும். அப்படியானால் பெயாரிங் நல்லது, துளையை மட்டும் அரத்தாளால் கொஞ்சம் தளர்த்துங்கள்.

பக்கவாட்டு இடைவெளியும் வேண்டும். அச்சைப் பிடித்துப் பக்கமாக ஆட்டினால் அரை மில்லிமீற்றர் அளவு அசையட்டும். வாசர் போடுவதானால் உள்வளையத்தை மட்டும் தொடும் சின்ன வாசர். பெரிய வாசர் வெளிவளையத்தையும் தொட்டால் பிறேக் பிடித்த மாதிரித்தான்.

கரகரக்கிறது

காதை அருகில் வைத்துக் கேளுங்கள். தண்டவாள இணைப்புகளில் மட்டும் டக்கென்றால் அது பாதை. சில்லு ஒருமுறை சுற்றும்போதெல்லாம் ஒரு தட்டு என்றால் ஓடுதளத்தில் தட்டை விழுந்த இடம், அல்லது மாம்பூப் பிசுபிசுப்பில் ஒட்டிய அழுக்கு. நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தொடர்ந்த கரகரப்பு என்றால்தான் பெயாரிங்குக்குள் புழுதி.

எங்கள் இடத்துக்கு என்னுடைய தெரிவு இது. ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட பயணிகள் பெட்டிக்கு 2ஆர்எஸ் வாங்கி, ஊசியால் ஒரு பக்க றப்பரை மெதுவாகக் கிளப்பி, உள்ளே உள்ள கிறீஸைக் கழுவி, மெல்லிய எண்ணெய் விட்டு மூடியை மீண்டும் அமர்த்துவேன். உரசல் கொஞ்சம் இருக்கும், எடை அதைச் சமாளிக்கும். இலேசான திறந்த பெட்டிகளுக்கு இசட்இசட், ஆனால் சோளக காலம் முழுக்க அடிக்கடி கழுவி எண்ணெய் மாற்றவேண்டும். எண்ணெய் கூடினால் புழுதியைக் கூப்பிடும், ஒரு துளி என்றால் ஒரு துளிதான். மூடியே இல்லாத பெயாரிங்கை வன்னியில் வெளியே ஓட்டவே கூடாது. பெட்டிகளை ஓடி முடிந்ததும் உள்ளே எடுத்துவைப்பது எந்த மூடியையும்விட நல்ல காவல்.

மழைக்குப் பிறகு இறுகிவிட்டது

ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து அப்படியே தறப்பாளுக்குக் கீழ் கிடந்த பெட்டிகளில் வரும் கோளாறு. சாதாரணப் பெயாரிங் குரோம் கலந்த உருக்கு, ஈரத்தில் துருப்பிடிக்கும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுழற்றினால் சில இளகும். ஆனால் துரு தின்ற ஓடுபாதை பிறகு ஒருநாளும் வழவழப்பாகாது.

மழையிலும் ஓட்டுவீர்கள் என்றால், அல்லது முல்லைத்தீவுக் கரையோரமாகக் கடற்காற்றுக்குள் இருப்பீர்கள் என்றால், இலக்கத்தின் முன்னால் எஸ் என்ற எழுத்துள்ள துருப்பிடியா உருக்குப் பெயாரிங்கை எடுங்கள். காந்தம் வைத்து ஒட்டினால் போலி என்று சொல்வார்கள், அது பிழை. பெயாரிங்குக்குப் பயன்படும் 440சி என்ற துருப்பிடியா உருக்கு காந்தத்தில் ஒட்டும். வாங்கிய தொகுதியில் ஒன்றை எடுத்து, எண்ணெய் நீக்கி, உப்புத் தண்ணீரில் நனைத்த துணியில் இரவு முழுக்கச் சுற்றிவைத்தால் காலையில் தெரிந்துவிடும். சாதாரண உருக்கு மஞ்சளாகத் துணியில் படிந்திருக்கும்.

சில்லு மாற்றிய பிறகு கொக்கி பொருந்தவில்லை, கிளைபிரியும் இடத்தில் தடம் புரள்கிறது

கொக்கி உயரம் மாறினால் சில்லின் விட்டம் மாறியிருக்கிறது. விட்டம் 2 மில்லிமீற்றர் கூடினால் பெட்டி 1 மில்லிமீற்றர் உயரும். அளக்கும்போது விளிம்பைச் சேர்க்காமல், தண்டவாளத்தில் ஓடும் தளத்தை மட்டும் அளக்கவேண்டும். அமெரிக்க வகைச் சரக்குப் பெட்டிகளின் 33 அங்குலச் சில்லு 1:29 அளவில் (நிஜத்தின் 29 இல் ஒரு பங்கு) ஏறக்குறைய 29 மில்லிமீற்றர். எல்ஜிபியின் 1:22.5 பெட்டிகள் மீற்றர் அகலப் பாதையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை, அவற்றில் 30 அளவுச் சில்லுகள் வழக்கம்.

எங்கள் பக்கத்தில் யாழ்தேவி செய்ய ஆசைப்படுபவர்கள் அதிகம். 1956 இல் தொடங்கிய வண்டி. 1990 இற்குப் பிறகு வவுனியாவுக்கு வடக்கே வராமல் நின்று, 2013 செப்ரெம்பரில் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தபோது ரயிலையே அதுவரை கண்டிராத பிள்ளைகள் நிலையத்தில் நின்றார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர்தான் இப்போது பலகையும் தகடும் வெட்டிப் பெட்டி செய்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கணக்கு: இலங்கையின் அகலப் பாதை 1676 மில்லிமீற்றர். அதை 45 இல் ஓட்டினால் அளவு ஏறக்குறைய 1:37. இந்தியத் தயாரிப்புப் பயணிகள் பெட்டியின் புதுச் சில்லு 915 மில்லிமீற்றர், 1:37 இல் அது 25 இற்குக் கிட்ட வரும். ஆகவே 30 அல்ல, 24 அல்லது 25 மில்லிமீற்றர்ச் சில்லைத் தேடுங்கள். அந்தச் சின்னச் சில்லுக்குள் 6 அல்லது 7 மில்லிமீற்றர் பெயாரிங் போதும்.

தடம் புரள்வதற்குப் பெரும்பாலும் இரண்டு சில்லுகளின் உட்பக்கங்களுக்கு இடையிலான தூரம்தான் காரணம். அந்தக் கிளையில் பிரச்சினையில்லாமல் போகும் பெட்டி ஒன்றில் அந்தத் தூரத்தை வேர்ணியரால் அளந்து, புதுச் சில்லையும் அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள். பெயாரிங் சில்லுகளில் அச்சில் ஏற்றும் வாசர்களை மாற்றி இதைச் சரிசெய்யலாம். அளவு சரி, ஆனாலும் சில்லு தள்ளாடுகிறது என்றால் அச்சைக் கண்ணாடித் தகட்டில் உருட்டுங்கள். வளைந்த அச்சு உடனே காட்டிக்கொடுக்கும்.

விளக்கு மினுங்குகிறது, அல்லது மின்சாரம் வெட்டுப்படுகிறது

பற்றரியில் ஓடும் எஞ்சின் வைத்திருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். தண்டவாளத்தில் மின்சாரம் விடுபவர்களுக்கு: உலோகச் சில்லு, உலோக அச்சு, நடுவில் காப்பு இல்லை என்றால் இரண்டு தண்டவாளமும் இணைந்து மின்சாரம் வெட்டுப்படும். சில்லைத் தண்டவாளத்தில் வைக்குமுன் மல்டிமீற்றரைச் சத்தமிடும் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து, அதன் ஒரு முனையை ஒரு சில்லிலும் மற்றதை எதிர்ச்சில்லிலும் வையுங்கள். சத்தம் வரவே கூடாது.

பெட்டிக்குள் விளக்கெரிக்க மின்சாரம் எடுப்பதானால் அதற்கென்று தொடுகையோடு விற்கும் பெயாரிங் சில்லுத் தொகுதியை வாங்குங்கள். வெறும் பெயாரிங் வழியாக மின்சாரம் எடுத்தால் குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் உள்ள எண்ணெய்ப் படலம் விட்டுவிட்டுத் தடுக்கும், மினுங்கல் அங்கிருந்துதான். சிறு பொறிகள் ஓடுபாதையையும் அரிக்கும். தொடுகை இல்லாத சில்லுதான் கையில் இருக்கிறது என்றால், சில்லின் பின்முகத்தை இலேசாகத் தொடும் மெல்லிய பொஸ்பர் வெண்கலத் தகடு ஒன்று போடலாம். தகடு எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பலகையில் பார்த்து வளையுங்கள், இல்லையென்றால் பெயாரிங் மிச்சம் பிடித்ததைத் தகடு தின்றுவிடும்.

இறக்கத்தில் பெட்டிகள் எஞ்சினை முட்டித் தள்ளுகின்றன

இது எல்லாப் பெட்டிக்கும் பெயாரிங் போட்டவருக்கு வரும் கோளாறு. பலகையில் 6 காட்டும் பெட்டி நூற்றுக்கு ஒன்று சாய்விலேயே தானாக உருளும். இறக்கத்தில் எஞ்சின் மெதுவாகும்போது பின்னால் உள்ளவை எல்லாம் ஒன்றாக வந்து முட்டும், கொக்கிகள் கழன்றுகொள்ளும். கொக்கி கழன்ற பெட்டி ஏற்றத்தின் அடிவரை தனியே ஓடும். சோளகம் பலமாக வீசும் நாளில் மேல்மூடியுள்ள வெற்றுப் பெட்டி நின்ற இடத்தில் இருந்தே புறப்பட்டுவிடும்.

கடைசிப் பெட்டிக்கு, முடிந்தால் கடைசி இரண்டுக்கும், பெயாரிங் போடாமல் விடுங்கள். முழு ரயிலும் எப்போதும் கொஞ்சம் இழுபட்ட நிலையில் இருக்கும், முட்டாது. எல்லாவற்றுக்கும் ஏற்கனவே போட்டாயிற்று என்றால், காவலர் பெட்டியின் ஓர் அச்சில் உரசும்படி கிற்றார்க் கம்பி அளவு மெல்லிய உருக்குக் கம்பியை வளைத்துப் போகியில் திருகுங்கள். பலகையில் அந்தப் பெட்டி மட்டும் 25 காட்டும்வரை கம்பியின் வளைவைக் கூட்டிக் குறையுங்கள். பெட்டிகளை நிறுத்திவைக்கும் கிளைப்பாதையை நீர்மட்டம் வைத்துச் சமப்படுத்தி, அதன் முனையில் ஒரு தடுப்புக் கட்டை வையுங்கள். அதில் முதிரைத் துண்டு போடலாம், கறையான் இலகுவில் தொடாது.